சவுக்கார மண்ணில் தும்பை

தும்பையைப் போய் யாராவது விதை போட்டு வளர்ப்பார்களா? அந்த வருஷம் பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் அம்சவேணியைப் பார்த்து இதைக் கேட்காதவர்கள் கிடையாது. சாக்கடை ஓரத்தில் முளைக்கும், குட்டிச்சுவர் இடுக்கில் முளைக்கும், ஒரு மழை விழுந்தால் கோயில் மதில் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட பூண்டுக்குப் பாத்தி கட்டி, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரு பெண்பிள்ளை காத்திருந்தாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தவர்கள் வீட்டில் ஒன்றிலாவது தறி ஓடாமல் நின்றிருந்ததா என்று கேளுங்கள். இவள் வீட்டில் நின்றிருந்தது.

எல்லாம் அவள் புருஷன் பரமசிவத்தின் வாயால் வந்தது.

பரமசிவம் நல்ல நெசவுக்காரன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கோபம் மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும். காலையில் குளித்துவிட்டு, வீட்டு மாடத்தில் இருக்கும் சின்ன லிங்கத்துக்கு ஒரு கை தும்பைப் பூ வைத்துவிட்டுத்தான் தறிக்குள் கால் வைப்பான். பூவுக்கு அவன் எங்கேயும் அலைந்ததில்லை. தெருக்கோடியில் ஒரு வெறும் மனை கிடந்தது. வெயில் காலத்தில்கூட அதன் கிணற்றங்கரையில் நாலு தும்பையாவது நிற்கும். அங்கே போய்ப் பறித்துக்கொண்டு வருவான்.

புரட்டாசி பிறந்த கையோடு அந்த மனையை மளிகைக் கடைக் கோதண்டபாணி வாங்கிக் கம்பி வேலி போட்டுவிட்டார். பரமசிவத்துக்கு அது ஒரு பொருட்டா? வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கம்பியைத் தாண்டினான். கோதண்டபாணி உள்ளே வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"எவன்டா அவன், திருட்டுப் பையன்?"

திரும்பிப் பார்த்தால் பரமசிவம். ஆள் தெரிந்த பிறகாவது சொன்னதை வாபஸ் வாங்கியிருக்கலாம். மனுஷர் வாங்கவில்லை.

"மொதலியாரே, பூவானா இன்னா, பொருளானா இன்னா? கேக்காம எடுத்தா ரெண்டுக்கும் ஒரே பேருதான்."

அன்றைக்கென்று தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தெரு நீளத்துக்கு இழையை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுந்தது. பரமசிவம் பறித்த பூவைக் கோதண்டபாணியின் காலடியில் கொட்டிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே நாலு பேர் சமாதானம் சொல்ல வந்தார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தாலாவது கோபம் நடையோடு போயிருக்கும். ஆள் சேர்ந்ததும் அவனுக்கு ஆவேசம் ஏறிவிட்டது. தறிமேல் ஓங்கி அடித்தான்.

"இனிமே என் தோட்டத்துல வெதை போட்டு, என் தோட்டத்துலயே பூத்த தும்பையைத்தான் என் சாமிக்கு வெப்பேன். அதுவரைக்கும் இந்தத் தறியில ஒக்கார மாட்டேன். ஒக்காந்தா என் கை வெளங்காது!"

வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினால் உண்டியலில் காசு போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். தறியில் அடித்துப் பண்ணிய சத்தியத்துக்கு அந்தத் தெருவில் பரிகாரமே கிடையாது. அப்படிச் சொல்லிவிட்டு மீறியவன் என்று ஒருத்தனைக்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை. 'பாவி மனுஷா, வேற எங்கேயாவது அடிச்சிருக்கக் கூடாதா' என்று அம்சவேணி மனசுக்குள் திட்டினாள்.

தறியில் அப்போது பாதி நெய்த அரக்குக் கூறைப்புடவை இருந்தது. தை மாசத்து முகூர்த்தத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பட்டும் சரிகையும் கலியாணசுந்தரம் முதலாளி கொடுத்தவை. நெய்ய முடியாவிட்டால் அவர் பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போய் வேறு தறியில் பிணைத்துக்கொள்வார். அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கல்யாணப் பெண்ணின் கூறையைப் பாதியில் அறுத்த வீடு என்று ஒரு பேர் வந்துவிட்டால், அப்புறம் எந்த முதலாளியும் அந்த வீட்டுக்குப் பாவு தரமாட்டார். அம்சவேணிக்கு அது தெரியும். பரமசிவத்துக்கும் தெரியும். தெரிந்துதான் அடித்தான்.

மறுநாள் காலையில் பரமசிவம் ரோட்டோரத்தில் காய்ந்து நின்ற தும்பையின் தலைகளைக் கசக்கி விதை கொண்டுவந்தான். தோட்டத்தில் வீசினான். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான். 'முளைக்கும்' என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவில் பாவுக்குக் கஞ்சி தோய்க்கக் கூலிக்குப் போய்விட்டான். தும்பைதானே, எங்கே போட்டாலும் வரும் என்று அவன் நினைப்பு. அம்சவேணியின் நினைப்பும் அதுதான்.

வரவில்லை. அக்கம்பக்கத்துக் கூரைமேலெல்லாம் பச்சை கட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் தோட்டத்தில் ஒரு முளை இல்லை. அம்சவேணி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சவுக்காரம் கரித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மாமனார் அந்தத் தெருவுக்கே பட்டு நூலைப் பசை போக அவித்துக் கொடுத்தவர். அண்டா அண்டாவாகச் சவுக்காரமும் சோடா உப்பும் கொதித்த தண்ணீரைத் தன் ஆயுசு பூராவும் அந்தத் தோட்டத்தில்தான் கொட்டினார். அண்டா போய்விட்டது, அவரும் போய்விட்டார், உப்பு போகவில்லை. வெயில் அடித்தால் தரை வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அருகம்புல்கூட அங்கே தலை காட்டினதில்லை. கல்யாணமாகி வந்த நாளாய் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. கூட்டுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

வாரத்தில் பாதி நாள் ஓரிக்கையிலிருந்து கீரைக்கூடையோடு செல்லியம்மாள் வருவாள். அவளைப் பிடித்தாள் அம்சவேணி.

"இன்னாது, தும்பை வெதையா?" செல்லியம்மாள் கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா அம்சவேணி, நல்லாத்தானே இருந்தே? எங்க கொல்லையில அதைப் புடுங்கிப் போடறதுக்கு ஆள் வெச்சிக் கூழு ஊத்தறோம். நீ இன்னாடான்னா வெதை கேக்கறே."

"சிரிக்காதே செல்லி. வயிறு எரியுது."

விஷயத்தைக் கேட்டதும் செல்லியம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். தோட்டத்துக்கு வந்து காலால் தரையைக் கீறினாள்.

"இது மண்ணாமா? சோப்புக் கட்டி! இதுல எமன் வந்து வெதைச்சாலும் மொளைக்காது. ஒரு மூலையில வெட்டி எடுத்துக் கடாசு. அடியில ஓட்டாஞ்சில்லு போடு. அதும்மேல ஆத்தங்கரை மண்ணு கொட்டு. எரு கிரு போட்டுடாதே, ஆமா. வெதையை மேலாலத் தூவிக் கையால தட்டிவுடு. மூடிட்டா மொளைக்காது."

"எரு போடாம எப்படி செல்லி?"

"அதுக்கு யாருமா எரு போட்டாங்க இதுவரைக்கும்?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் பரமசிவத்தின் அக்கா பொன்னியம்மாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவள். ராட்டையில் இழை சுற்றுவாள், வாயில் தெருவைச் சுற்றுவாள். அவளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. "இதுக்குப் போய் இம்மாம் பேஜாரா?" என்று சொல்லிவிட்டு, மதியம் ஒரு கடப்பாரையோடு போய் மதில் ஓரத்திலிருந்து பூத்த தும்பை ஒன்றை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து தோட்டத்தில் நட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. பரமசிவம் வந்து பார்த்தான். பிடுங்கிச் சுவருக்கு அந்தாண்டை எறிந்தான்.

"ஏன்டா, அதுவும் தும்பைதானேடா?"

"ஊரான் செடியைத் தூக்கியாந்து என் தோட்டத்துல நட்டா அது என் பூவாயிடுமா, அக்கா? அவன் திருடன்னு சொன்னது நெசமாயிடும்."

பொன்னியம்மாள் அதற்கும் ஏதோ சொன்னாள். ஆனால் சத்தம் குறைந்துவிட்டது.

அம்சவேணியும் நாத்தனாருமாக வேகவதி ஆற்றங்கரையிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்தார்கள். தெருவில் ஆட்கள் பாவு பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 'என்னம்மா, வீடு கட்டறீங்களா?' என்றான் ஒருத்தன். 'உனக்குச் சமாதி கட்டறோம், வந்து படு' என்றாள் பொன்னியம்மாள். தறி நின்றுபோய் நெசவுக் கூலி வராமல், வீட்டில் ரேஷனில் போட்ட மைலோச் சோளம்தான் காலையும் ராத்திரியும் கஞ்சியாகக் கொதித்தது. செல்லியம்மாள் விற்காத தண்டுக்கீரையைப் போட்டுவிட்டுப் போவாள். சும்மா போடமாட்டாள், 'வாடிப்போச்சி, மாடு கூடத் தின்னாது' என்று பொய் சொல்லிப் போடுவாள்.

கிணற்றடி மூலையில் பாத்தி தயாரானது. விதையை மணலோடு பிசைந்து தூவிக் கையால் தட்டினாள் அம்சவேணி. இனி மழை வரவேண்டும்.

நெசவுத் தெருவில் மழையை யார் வேண்டுவார்கள்? ஐப்பசி என்றாலே அங்கே முகம் கறுத்துவிடும். பாவு தெருவில் நீண்டிருக்கும்போது ஒரு தூறல் விழுந்தால் போச்சு, கஞ்சி கரைந்து இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாசலில் நின்று எல்லாரும் வானத்தைப் பார்த்துத் 'தள்ளிப் போ, தள்ளிப் போ' என்று கும்பிடுவார்கள். அவர்களோடு சேர்ந்து அம்சவேணியும் கும்பிட்டாள். மனசுக்குள் அவள் வேண்டிக்கொண்டது வேறு. கடைசியில் ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. எதிர் வீட்டுக்காரர்கள் பாவைச் சுருட்டிக்கொண்டு கத்தியபடி ஓடினார்கள். அம்சவேணி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே முளை கண்டது. கடுகுக்குக் காது முளைத்த மாதிரி இரண்டிரண்டு இலை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "இதுவா?" என்றான். தினம் பறித்த செடியைக் குழந்தையாக அவன் பார்த்ததேயில்லை.

ஆனால் நாளாக ஆகச் செடி நெட்டையாக, ஒல்லியாக, காற்றடித்தால் படுத்துக்கொள்வதாக வளர்ந்தது. அம்சவேணிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. துவண்ட இழையை நிமிர்த்த அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பிறந்ததிலிருந்து பார்த்த வைத்தியம். எதிர் வீட்டில் பாவுக்குக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியில் மிச்சத்தை வாங்கி வந்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒவ்வொரு செடிக்கும் வேரில் ஊற்றினாள். தண்டிலும் விரலால் தொட்டுத் தடவினாள். நூல் நிமிர்ந்தால் செடி நிமிராதா?

மறுநாள் எறும்பு வந்தது. அதற்கு மறுநாள் மண்மேல் வெள்ளைப் பூசணம் பூத்தது. அப்புறம் செடிகள் அடித்தண்டில் கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அம்சவேணி பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் அப்பா செத்தபோது அழுததற்கு அப்புறம் அப்படி அழுதது அன்றைக்குத்தான்.

"கஞ்சி ஊத்தினியா?" செல்லியம்மாளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! அது இன்னா பொடவையா, மொடமொடன்னு நிக்கறதுக்கு?"

"எனக்கு வேற இன்னா தெரியும் செல்லி?"

"சரி, அழாதே. மேல் மண்ணைச் சொரண்டிப் போடு. செத்ததைப் புடுங்கிடு. மிச்சம் இருக்கறது தப்பிச்சா தப்பிக்கட்டும்."

சுவரோரத்தில் கொஞ்சம் தப்பித்தன. அவற்றைக் கண்ணில் வைத்துக் காத்தாள் அம்சவேணி. கோழி வராமல் முள்ளு வைத்தாள். காலையும் மாலையும் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து விட்டாள். செடி கொழுகொழுவென்று இலை விட்டது. முழங்கால் உயரத்துக்கு நின்றது. மொட்டு மட்டும் வைக்கவில்லை. வெளியே ரோட்டோரத்தில் சாணுக்கும் குறைவான தும்பையெல்லாம் தலை கொள்ளாமல் பூத்துக்கொண்டு இவளைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

"தண்ணியை நிறுத்து" என்றாள் செல்லியம்மாள்.

"வாடிடுமே."

"வாடட்டும். சாவற மாதிரி இருந்தாத்தான் அதுக்குப் புள்ளை பெத்துக்கணும்னு தோணும். நீ ஊட்டி ஊட்டி வளத்தா அது எதுக்குமா பூக்கப் போவுது? இது ரோசக்காரச் செடி."

"ஏற்கெனவே வீட்டுல ஒரு ரோசக்காரர் இருக்கறாரே, போதாதா?" என்றாள் அம்சவேணி. அந்த மாசத்தில் அவள் சிரித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். தண்ணீரை நிறுத்தினாள். தினம் போய் இலை சோர்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டுச் செம்பை எடுக்காமல் திரும்புவது அவளுக்கு மண் சுமந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகை பாதியில் கலியாணசுந்தரம் முதலாளி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. நின்ற தறியைப் பார்த்ததும் அவருக்கே முகம் வாடிவிட்டது.

"பரமசிவம், எத்தினி தபா ஆள் அனுப்பிட்டேன்? கலியாண வூட்டுக்காரன் தெனம் வந்து கடையில குந்திக்கினு இருக்கான். நான் இன்னா பதில் சொல்றது? தும்பை பூக்கலைன்னா?"

பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நான் சொன்ன வார்த்தை சொன்னதுதாங்க, மொதலாளி. என்னை மன்னிச்சிடுங்க."

"வார்த்தை உன்னுது. பட்டு என்னுது. திங்கக்கெழமை காசிநாதனை இட்டுக்கினு வர்றேன். பாவை அறுத்து எடுத்துக்கினு போறேன். எனக்கு வேற வழி இல்லைப்பா."

திங்கட்கிழமை காலையில் அம்சவேணி பாத்திக்குப் போனபோது செடிகளின் தலையில் பச்சைக் கொண்டைகள் திரண்டிருந்தன. மொட்டு! ஆனால் பச்சையாகத்தான் இருந்தது. வெள்ளை எட்டிப்பார்க்க இன்னும் நாள் ஆகும். பரமசிவமும் வந்து பார்த்தான். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். முதலாளி வந்து வாசலில் கூப்பிட்டும் அவன் எழுந்து வரவில்லை. அறுப்பதைப் பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை.

காசிநாதன் கையில் துணி சுற்றிய கத்திரிக்கோலோடு தறிக்கு முன்னால் நின்றான். அவனும் அதே தெரு நெசவுக்காரன்தான். "என் கையாலயா இதைச் செய்யணும்னு இருக்குது, அண்ணி?" என்றான். பொன்னியம்மாள் ராட்டையை விட்டு எழுந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்சவேணிக்கு அந்தக் கணத்தில் வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! காசிநாதன் மேல், முதலாளி மேல், கோதண்டபாணி மேல், எல்லாரையும்விட அதிகமாகத் தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிற மனுஷன் மேல். புடவையை இழுத்துச் செருகினாள். தறிக்குழிக்குள் காலை இறக்கிப் பலகையில் உட்கார்ந்தாள்.

அந்தத் தெருவில் பெண்கள் நெய்யாமல் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நடுப்பலகையில் பெண்பிள்ளை உட்கார்ந்ததில்லை. மாமனார் காலத்திலிருந்து அப்படி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் புடவைக்குக் கரைக்கென்று குறுக்கிழை சுற்றிய நாடா ஒன்று தனியாக ஓட்ட வேண்டும். அதற்கு ஓரத்தில் ஓர் ஆள் வேண்டும். கல்யாணமான மறு மாசத்திலிருந்து அந்த ஓரத்தில்தான் அம்சவேணி உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் நெய்யறேன், மொதலாளி" என்றாள். "அக்கா, ஓரத்துல வந்து குந்துங்க."

"நல்லா யோசிம்மா. கை மாறினா துணி காட்டிக் குடுத்துடும். கூறைப்பொடவை."

"இவரு அடிக்கற அடி எனக்குத் தெரியாதா? எத்தினி வருஷமா பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறேன்! ஒரு சாண் நெய்து காட்டறேன். புடிக்கலைன்னா நானே அறுத்துத் தர்றேன்."

காசிநாதன் கத்திரிக்கோலை மடியில் செருகிக்கொண்டான். அறுக்காமல் தப்பிக்க முதலாளியைவிட அவனுக்குத்தான் அவசரம். அம்சவேணி மிதித்தாள், நாடாவை எறிந்தாள், அடித்தாள். முதல் அடி கொஞ்சம் லேசாக விழுந்தது. அப்புறம் இறுகியது. ஒரு சாண் முடிந்ததும் முதலாளி குனிந்து, பழைய நெசவிலிருந்து புதுசுவரைக்கும் நகத்தால் வருடிக்கொண்டே வந்தார். மறுபடி வருடினார். வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தார்.

"ஒரு இடத்துல லேசா தெரியுது" என்றார். "எனக்குத் தெரியுது. கட்டிக்கறவங்களுக்குத் தெரியாது. செய்ம்மா. கார்த்திகை முடியறதுக்குள்ள குடுத்துடு."

அவர்கள் போன பிறகுதான் பின்வாசலில் பரமசிவம் நிற்பதை அவள் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நின்றானோ.

மதியம் அவன் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் அடுப்படிக்கு வந்து நின்றான்.

"உன்னை யாரு ஒக்காரச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"எங்கப்பன் தறி அது."

"தெரியும். அதை அறுக்கத்தான் வந்தாங்க. நீங்க செடியாண்ட குந்திக்கினு இருந்தீங்க."

"நான் சத்தியம் பண்ணியிருக்கறேன், அம்சா."

"பண்ணுங்க! நீங்க பண்ணின சத்தியத்துக்கு மண்ணு சொமந்தது யாரு? மைலோக் கஞ்சியில உப்புப் போட்டுக் குடிச்சிட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னது யாரு? தெருவெல்லாம் பைத்தியக்காரின்னு சிரிச்சப்போ கேட்டுக்கினு வந்தது யாரு? உங்களை யாரோ ஒரு வார்த்தை சொல்லிட்டான்னு உங்களுக்குத் தாங்கலை. எனக்கு மட்டும் தோலு இல்லையா?"

பரமசிவம் தோட்டத்துப் பக்கம் திரும்பினான்.

"இனிமே செடியை நீங்க பாருங்க. எனக்குத் தறி இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் தள்ளினாள். அவன் உட்கார்ந்து குடித்தான்.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அவள் விடிந்ததும் தறிக்குள் இறங்கினால் வெளிச்சம் போகும்போது எழுந்தாள். முதுகு ஒடிந்தது, தோள் கழன்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்கு அது பிடித்திருந்தது. ஓரத்தில் இருந்து பார்த்தால் ஒரு பக்கத்துக் கரைதான் கண்ணில் தெரியும். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு கரையும் இரண்டு கைப்பக்கமும் வளர்ந்துகொண்டு வந்தன. இத்தனை வருஷம் இதையா இந்த மனுஷன் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

புயல் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பட்டிழை பிசுபிசுத்து ஒன்றோடொன்று பற்றியது. பாவுக்கு அடியில் தணல் போட்ட கரிச்சட்டி வைத்து உலர்த்தி உலர்த்தி நெய்தாள். பின்னால் தோட்டத்தில் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் காதை அடைத்தது.

பொன்னியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். "உன் புருஷன் பாத்திக்கு மேல பாயைப் புடிச்சிக்கினு நிக்கறான். மொட்டு உதுந்துடுமாம். தலையெல்லாம் ஊத்துது."

"நிக்கட்டும்."

"ஜுரம் வந்துடப்போவுதுடி."

அம்சவேணி நாடாவை எறிந்தாள். ஒரு தரம், இரண்டு தரம். அப்புறம் நிறுத்தினாள். அவளால் தாங்க முடியவில்லை. "சுக்குத் தண்ணி கொதிக்க வெச்சிருக்கறேன். கொண்டுபோய்க் குடுங்க அக்கா. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

பொன்னியம்மாள் போய் அப்படியே சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பாள்.

மழை விட்ட மறுநாள் காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் சந்தோஷமாகப் பாவு இழுத்துக் கட்டினார்கள். தறியில் புடவையின் உடல் முடிந்துவிட்டது, முந்தானை ஆரம்பிக்க வேண்டும். சரிகை அள்ளிப் போட்டு நெய்கிற முந்தானைதான் கூறைக்கே உயிர். அம்சவேணி சரிகை நாடாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது தோட்டத்தில் கிணற்று உருளை கிறீச்சிட்டது. குடம் குடமாகத் தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாடத்தில் மணி அடித்தது. அத்தனை நாளாக அந்த மணி அடிக்கவில்லை.

பரமசிவம் ஈர வேட்டியோடு தறிக்கு முன்னால் வந்து நின்றான். நெற்றியில் விபூதி இன்னும் காயவில்லை.

"பூத்துடுச்சி, அம்சா." மாடத்தைக் கை காட்டினான். "சாமிக்கு வெச்சிட்டேன்."

அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் ஒட்டி, தாடி மண்டி, பாதியாக இளைத்திருந்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. "நல்லது" என்றாள்.

"நீ எழுந்திரு. முந்தியை நான் போடறேன்."

பொன்னியம்மாள் ஓர நாடாவைக் கையில் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசலில் பாவு கட்டிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"எழுந்திருக்க மாட்டேன்" என்றாள் அம்சவேணி. குரலில் கோபம் இல்லை. "இந்தப் பொடவையை நான்தான் முடிப்பேன். அடுத்த பாவு வரட்டும், அப்பால பேசிக்கலாம்."

பரமசிவம் வாசலைப் பார்த்தான். தறியைப் பார்த்தான். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். தெருவே பார்க்கிறது என்று புரட்டாசியில் தறிமேல் ஓங்கி அடித்த கைதான் அது.

"அப்போ நான் இன்னா பண்றது?" என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான்.

"அக்காவுக்கு முதுகு வலிக்குதாம். ஓரத்துல வந்து குந்துங்க."

பொன்னியம்மாள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு 'அம்மாடி' என்று எழுந்தாள். பரமசிவம் ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தான். அந்த இடத்தில் அவன் உட்கார்ந்து பழக்கமில்லை. காலை எங்கே நீட்டுவது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அம்சவேணி மிதித்தாள். அவன் நாடாவைத் தள்ளினான், தாமதமாக. அவள் காத்திருந்து அடித்தாள். மறுபடி மிதித்தாள்.

"இழுத்துப் போடுங்க" என்றாள். "கரை தளருது."

பரமசிவம் இழுத்துப் போட்டான்.